தொட்டிக்குள் எத்தனை டிகிரி?



சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மாடு, நாளைக்கு எத்தனை கூடை சாணம், எவ்வளவு தண்ணீர், கட்டின கொத்தனாருக்கு எந்த ஊர் என்று எதைக் கேட்டாலும் பதில் வரும். "உள்ளே எத்தனை டிகிரி இருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அவர்மேல் தப்பில்லை. கட்டிக் கொடுத்தவர்கள் அவரிடம் அதைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார்கள். மார்கழியில் கேஸ் குறைந்ததும் முதலில் சாணத்தைக் குறை சொல்வோம், பிறகு கொத்தனாரை. பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றம் இருக்காது.

தொட்டிக்குள் வேலை செய்கிறவை நுண்ணுயிர்கள். அவற்றின் வேகத்தை வெப்பநிலை ஆட்டிவைக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அவ்வளவு பேசப்படாத இன்னொன்று உண்டு. உள்ளே இருப்பது ஒரே கூட்டம் அல்ல, அந்தக் கூட்டங்கள் எல்லாம் குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதும் இல்லை. கலன் கெட்டுப்போவதற்கு இந்த வித்தியாசமே பெரும்பாலும் காரணம். இன்றைக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன்.

1776 நவம்பரில் இத்தாலியின் மாஜோரே ஏரியில் அலெசாந்த்ரோ வோல்டா சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்தார். நெருப்பைக் காட்டினார், எரிந்தது. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். அவர் பிடித்த வாயுதான் மீத்தேன். அதை உண்டாக்குகிற உயிர் எது என்பது சரியாகப் பிடிபட இன்னும் 200 வருஷம் ஆயிற்று. 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் பாக்டீரியா குலத்தில் சேராதவை என்று காட்டினார்கள். இன்றைக்கு அவற்றை ஆர்க்கியா என்கிறோம். பாடப்புத்தகங்களிலேயே இன்னமும் 'மீத்தேன் பாக்டீரியா' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்களாவது திருத்திக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்குள் நடப்பதை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியாக வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்குகிறவர்கள் ஒரு பக்கம், சமைக்கிறவர்கள் ஒரு பக்கம், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறுகிறவர்கள் ஒரு பக்கம். முதல் கூட்டம் சாணத்தில் இருக்கும் நார், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் உடைத்துக் கரைக்கிறது. இரண்டாவது கூட்டம் அதைப் புளிக்கவைத்துப் புரோபியோனிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. கடைசியில் ஆர்க்கியா வந்து அசிட்டிக் அமிலத்தை உடைத்தும், ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்தும் மீத்தேன் தருகின்றன. பரிமாறுகிறவர்கள் தளர்ந்தால் சமையற்கட்டில் சோறு மலைபோலக் குவியும். தொட்டியில் குவிவது அமிலம்.

கடைசிக் கூட்டம் தளர்வதற்கு ஒரு காரணம் உண்டு. அமிலம் செய்கிற பாக்டீரியாக்களில் பல, சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். அசிட்டிக் அமிலத்தை உண்ணும் ஆர்க்கியாவில் மெத்தனோசார்சினா என்ற இனத்துக்கு இரட்டிப்பாக ஒன்றிரண்டு நாள் வேண்டும். மெத்தனோசீட்டா என்ற இனத்துக்கு 4 முதல் 9 நாள் வரை ஆகும். ஒரு தடவை எண்ணிக்கை குறைந்தால் மறுபடி நிரம்ப வாரக்கணக்கில் ஆகிவிடும்.

மூன்றாவது கூட்டத்தின் கதை இன்னும் விசேஷமானது. மெத்தனோபாசில்லஸ் ஓமெலியான்ஸ்கீ என்று பெயரிட்டு, சாராயத்தை மீத்தேனாக்கும் ஒரே உயிர் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1967இல் மார்வின் பிரையன்ட்டும் கூட்டாளிகளும் அது ஒன்றல்ல, சேர்ந்தே வாழும் இரண்டு உயிர்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஒன்று ஹைட்ரஜனை வெளியே தள்ளும், மற்றது உடனே அதை உண்டுவிடும். ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் முதலாவது நின்றுபோகும். நம் தொட்டியில் புரோபியோனிக் அமிலத்தை உடைக்கிறவையும் இப்படித்தான். அருகில் ஹைட்ரஜனை உண்ணும் ஆர்க்கியா சுறுசுறுப்பாக இருந்தால்தான் இவற்றுக்குப் பிழைப்பு. அந்த ஆர்க்கியா குளிரில் மந்தமானால் இவையும் சேர்ந்து மந்தமாகும். அமிலக் கூட்டம் மட்டும் ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும்.

இனி டிகிரிக்கு வருவோம். நூல்கள் மூன்று மண்டலம் சொல்கின்றன. 20 டிகிரிக்குக் கீழே குளிர் மண்டலம். 30 முதல் 40 வரை மித மண்டலம், அதிலும் 35, 37 அருகில் வேலை நன்றாக நடக்கும். 50 முதல் 60 வரை வெப்ப மண்டலம், அங்கே 55 அருகில் உச்சம். 40க்கும் 50க்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மித மண்டலத்து உயிர்களுக்கு அது அதிகச் சூடு, வெப்ப மண்டலத்து உயிர்களுக்குப் போதாத சூடு. 35இல் நன்றாக ஓடும் தொட்டியைக் கூடுதல் கேஸுக்கு ஆசைப்பட்டு 45க்கு ஏற்றினால் கேஸ் குறையத்தான் செய்யும்.

உயிர்கள் எந்த எல்லைவரை போகும் என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல். அன்டார்டிகாவின் ஏஸ் ஏரியில் கிடைத்த மெத்தனோஜீனியம் ஃப்ரிஜிடம் என்ற ஆர்க்கியாவுக்கு 15 டிகிரிதான் சுகம். கடலடி வெந்நீர் ஊற்றுகளில் வாழும் மெத்தனோபைரஸ் காண்டலரி 110 டிகிரியிலும் வளர்கிறது. இவை நம் தொட்டிக்கு ஆகாது. நம் தொட்டிக்கு விதை மாட்டின் வயிற்றிலிருந்து வருகிறது. மாட்டின் இரைப்பை ஏறத்தாழ 39 டிகிரியில் இருக்கும். அங்கே பழகிய உயிர்கள் சாணத்தோடு வந்து சேர்கின்றன, நாம் அவற்றை 25 டிகிரித் தண்ணீரில் இறக்கிவிடுகிறோம். வந்த இடத்தின் சூட்டில் பத்துப் பதினைந்து டிகிரி குறைந்தும் அவை வேலை செய்கின்றனவே, அதையே பெரிதாகப் பாராட்ட வேண்டும்.

வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மித மண்டலத்துக்குக் கீழே இறங்க இறங்க வேகம் படிப்படியாகக் குறையும். பத்து டிகிரி குறைந்தால் வேகம் சுமார் பாதி என்பது தோராயமான விதி. உச்சத்தைத் தாண்டி மேலே போனால் படிப்படி என்ற பேச்சே கிடையாது, நொதிகளும் உயிரணுச் சவ்வும் குலைந்து சட்டென்று சரியும். குளிரில் உயிர்கள் சோம்பிக் கிடக்கும், சூடு வந்ததும் எழுந்துவிடும். அளவுக்கு மீறிச் சூடு பட்டவை எழுவதில்லை. அதனால்தான் "கலன் குளிர்ந்துவிட்டது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றலாமா?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பகீரென்கிறது.

குளிர்காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். சாணக் கலனில் குளிர் முதலில் தாக்குவது முதல் கூட்டத்தை. நாரை உடைக்கும் வேலையே மெதுவாகிவிடுகிறது. கரைசல் தடித்துப்போகிறது, மேலே ஏடு கட்டுகிறது. கீழே கொஞ்சநஞ்சம் உண்டாகும் கேஸும் வெளியே வரத் திணறுகிறது. இந்த நிலையில் கேஸ் குறைவாகக் கிடைக்கும், ஆனால் ஆபத்து இல்லை. சாணம் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. அதன் காரத்தன்மை கொஞ்சம் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும்.

சமையல் கழிவு, காய்கறிக் கழிவு, மரவள்ளித் திப்பி போடுகிறவர்களுக்குத்தான் வேறு கதை. மாவும் சர்க்கரையும் சீக்கிரம் கரையும், சீக்கிரம் புளிக்கும். அமிலக் கூட்டத்துக்குக் குளிரும் பெரிய தடையில்லை. ஆர்க்கியா மட்டும் பின்தங்கும். பி.எச். 6.5க்குக் கீழே இறங்கினால் அவை இன்னும் தளரும், அமிலம் இன்னும் சேரும். அடுப்பில் சுடர் தங்காமல் அணைய ஆரம்பிக்கும், ஏனென்றால் வருகிற வாயுவில் கரியமிலமே அதிகம். இந்தச் சமயத்தில் நம் ஆட்கள் செய்கிற காரியம் என்ன? கேஸ் போதவில்லை என்று இன்னும் ஒரு கூடை கழிவைக் கொட்டுகிறார்கள். அதோடு அந்தக் கலன் படுத்துவிடுகிறது. அதன் பிறகு புதிதாகச் சாணம் கரைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேஸ் குறையும்போது தீனியையும் குறைக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்ள மனசு வராது. ஆனால் தொட்டியில் தீனி என்பது வேலைக்காரர்களின் கைவேகத்துக்குத் தக்கபடிதான் போக வேண்டும், நம் அடுப்பின் தேவைக்குத் தக்கபடி அல்ல.

அடுத்து நான் மிகவும் ரசிக்கும் ஒரு கணக்கு. 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் எந்த வெப்பநிலையில் வைத்தாலும், போதுமான அவகாசம் கொடுத்தால், ஒரு கிலோ சாணத்திலிருந்து கடைசியில் கிடைக்கும் மொத்த மீத்தேனில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. வெப்பம் மாற்றுவது அந்த மீத்தேன் எத்தனை நாளில் வெளிவரும் என்பதைத்தான். சூடு குறைந்த இடத்தில் நாளைக் கூட்டினால் பெருமளவு சரிக்கட்டிவிடலாம். நம் நாட்டின் கலன் திட்டமே இந்தக் கணக்கின் மேல் நிற்கிறது. 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் மிதக்கும் டிரம் கலனைப் பரப்பியது. பிறகு 1978இல் ஜனதா மாதிரி, 1984இல் தீனபந்து மாதிரி என்று டோம் கலன்கள் வந்தன. இவற்றுக்கு நாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற சூடான மாநிலங்களில் சாணம் தொட்டிக்குள் 30 நாள் தங்கினால் போதும். பஞ்சாப், உத்தரப் பிரதேசம், பிகார் பக்கம் 40 நாள். இமாசலம், சிக்கிம் போன்ற மலைப்பகுதிகளில் 55 நாள்.

இதைத் தொட்டியின் அளவாக மாற்றிப் பாருங்கள். நாளைக்கு 2 கன மீட்டர் கேஸ் வேண்டுமென்றால் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், ஆக 100 லிட்டர் கரைசல். 30 நாளைக்கு 3,000 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். 55 நாள் என்றால் 5,500 லிட்டர். அதே மாடு, அதே சாணம், அதே அடுப்பு. குளிரான ஊர்க்காரர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொட்டி கட்ட வேண்டியிருக்கிறது. செங்கல், சிமென்ட், கூலி எல்லாம் அதற்கேற்ப.

இந்தப் பிரிவினையில் எனக்கு ஒரு குறை உண்டு. மாநிலத்தின் பெயரை வைத்துப் பார்த்தால் ஊட்டியும் 30 நாள் பக்கம்தான் விழும். சென்னையின் ஆண்டுச் சராசரி 28 டிகிரியைத் தாண்டுகிறது, ஊட்டியில் அது 15ஐ ஒட்டித்தான் இருக்கிறது. தரைக்குக் கீழே இரண்டு மீட்டர் போனால் பகல், இரவு வித்தியாசம் தெரியாது. மண் ஏறத்தாழ அந்த ஊரின் ஆண்டுச் சராசரியிலேயே இருக்கும். டோம் கலன் அந்த மண்ணில்தான் புதைந்திருக்கிறது. திருவாரூரிலும் ஊட்டியிலும் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டினால் ஊட்டிக் கலன் பாதி வேலைதான் செய்யும். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற ஊர்களுக்கு உயரத்தைப் பார்த்துத்தான் நாளைக் கணக்கிட வேண்டும், மாநிலத்தைப் பார்த்து அல்ல.

டிரம் கலன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. காலையில் தாழ்ந்து கிடந்த டிரம் மதியம் நன்றாக உயர்ந்து நிற்பதைப் பார்த்து, "வெயிலில் கேஸ் நிறைய உற்பத்தியாகிறது" என்று சந்தோஷப்படுவீர்கள். அதில் ஒரு பகுதி கண்கட்டு. வெயிலில் தகடு காய்ந்து உள்ளே இருக்கும் வாயு 25 டிகிரியிலிருந்து 45க்குப் போனால், விரிவதனால் மட்டும் 7 சதவீதம் கூடும். நீராவி சேர்வதால் இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். கீழே கரைசல் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் குளிர்ந்ததும் டிரம் இறங்கும், "எங்கேயோ லீக்" என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். உற்பத்தியை ஒப்பிட வேண்டுமானால் தினமும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் டிரம்மின் உயரத்தைப் பாருங்கள்.

சரி, 55 டிகிரியில் வேகம் அதிகம் என்றால் எல்லாரும் அங்கேயே போகலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். டென்மார்க்கின் பெரிய பொதுக் கலன்கள் பல அந்தச் சூட்டில்தான் ஓடுகின்றன. நோய்க்கிருமிகள் நன்றாக அழியும், சிறிய தொட்டியே போதும். ஆனால் வீட்டுக் கலனுக்குக் கணக்கு உதைக்கிறது. 100 லிட்டர் கரைசலை 15 டிகிரியிலிருந்து 35க்குக் கொண்டுபோக 8.4 மெகாஜூல் வேண்டும். அன்றைக்கு வரும் 2 கன மீட்டர் கேஸில் இருப்பது சுமார் 42 மெகாஜூல். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 55க்குக் கொண்டுபோனால் ஐந்தில் இரண்டு பங்கு. சுவர் வழியாகக் கசியும் சூடும் அடுப்பின் நஷ்டமும் இதில் சேரவில்லை. கேஸ் செய்வதற்கே கேஸை எரித்துவிட்டு, மிச்சத்தில் டீ போடலாம்.

இன்னொரு சங்கடம் அம்மோனியா. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கோழிப் பண்ணைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிக அதிகம். அது உடைந்து அம்மோனியாவாகிறது. அதில் பெரும்பகுதி அயனியாக இருந்துவிடும், அவ்வளவு கெடுதல் இல்லை. அயனியாகாமல் நிற்கும் சிறு பகுதிதான் ஆர்க்கியாவின் உயிரணுவுக்குள் புகுந்து விஷமாகிறது. பி.எச். 7.5 என்று வைத்துக்கொண்டால், 35 டிகிரியில் அந்தப் பகுதி சுமார் 3.4 சதவீதம். 55 டிகிரியில் 11 சதவீதம். கழிவு அதேதான், பி.எச். அதேதான். சூட்டை ஏற்றியதனால் மட்டும் விஷம் மூன்று மடங்காகிறது. கோழி எச்சத்தை வெப்ப மண்டலத்தில் ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் நைட்ரஜன் குறைந்த வேறு கழிவைச் சேர்த்துச் சமன் செய்யட்டும்.

35லிருந்து 55க்கு மாறுவதென்றால் பழைய உயிர்களுக்குப் புதுச் சூட்டைப் பழக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஆளே மாறுகிறார்கள். 37இல் கொடிகட்டிப் பறந்த இனங்கள் ஒதுங்கிப்போக, மெத்தனோதெர்மோபாக்டர் போன்று அதுவரை சிறுபான்மையாகக் கிடந்த இனங்கள் பெருகி இடத்தைப் பிடிக்கின்றன. அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை கேஸும் ஒழுங்காக வராது.

எத்தனை டிகிரி என்பதைவிட எத்தனை ஆட்டம் என்பது முக்கியம் என்றே நான் சொல்வேன். 28 டிகிரியில் வருஷம் முழுக்க நிற்கும் தொட்டி, ஒரு வாரம் 37, மறுவாரம் 30 என்று ஆடும் தொட்டியைவிட நிம்மதியாக ஓடும். மித மண்டலத்தில் நாளொன்றுக்கு 2, 3 டிகிரி மாற்றத்தை உயிர்கள் தாங்கும். வெப்ப மண்டலத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ஆடவிடக் கூடாது என்பார்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் ஹீட்டரை நம்பி 55இல் கலன் ஓட்டுவது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை.

அப்படியானால் குளிரான ஊர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? வேண்டாம். நேபாள மலைகளில் டோமின் மேலேயே மட்குக் குழி போடுகிறார்கள். மட்கும் குப்பை 50, 60 டிகிரிவரை சூடாகும், அந்தச் சூடு கீழே இறங்கும், போர்வையாகவும் ஆகும். வடகிழக்குச் சீனாவில் பிளாஸ்டிக் பசுமைக்குடிலுக்குள்ளேயே பன்றித் தொழுவம், கழிப்பறை, காய்கறிப் பாத்தி மூன்றையும் வைத்து, அடியில் கலனைக் கட்டுகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊரிலும் அது உறையாமல் ஓடுகிறது. நம் வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. சாணத்தை ஆறவிடாமல் போட்டவுடன் அள்ளிக் கரையுங்கள், மாட்டின் உடல் சூடு அதில் இருக்கிறது. கரைக்கிற தண்ணீரைக் கறுப்புத் தொட்டியில் வெயிலில் வைத்து மதியம் ஊற்றுங்கள். 25 டிகிரியில் இருக்கும் 3,000 லிட்டர் தொட்டியில் 40 டிகிரிக் கரைசல் 100 லிட்டர் ஊற்றினால் அன்றைக்கு அரை டிகிரிதான் ஏறும். அந்த அரை டிகிரி உயிர்களை அதிரவைக்காது, தினமும் ஊற்றினால் இரவின் இழப்பையும் ஈடுகட்டும்.

கலன் கட்டும் துறைகளுக்கும் இந்த மேடையிலிருந்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மானியத்தில் கலன் தருகிறீர்கள், அடுப்புத் தருகிறீர்கள், ரப்பர் குழாய் தருகிறீர்கள். அதோடு சில நூறு ரூபாயில் நீண்ட கம்பி வைத்த வெப்பமானி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். மலையூர்களில் குழி தோண்டும் முன்பே இரண்டு மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூட்டை அளந்து, 30 நாளா 55 நாளா என்பதை அதன்படி முடிவு செய்யுங்கள்.

விவசாயப் பெருமக்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கார்த்திகை பிறந்ததும் தினமும் காலையில் வெளிவரும் கரைசலின் சூட்டைப் பார்த்துச் சுவரில் எழுதுங்கள். அது போன வாரத்தைவிட மூன்று டிகிரி இறங்கியிருந்தால் போடுகிற கழிவில் கால் பங்கைக் குறையுங்கள். மாசி வெயில் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கு வாருங்கள்.